ஐம்பது வயதுத் துப்பாக்கி ஏன் திக்குகிறது?

கண்பார்வை மங்கியதால் ஸ்கீட் விளையாட்டை (பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவது) விட்டுவிட்ட ஒரு மூத்த கழக உறுப்பினரின் ரெமிங்டன் 1100, அதாவது அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் சிதறுகுண்டுத் துப்பாக்கி, உரிமம் முறைப்படி மாற்றப்பட்டு உங்கள் பெயருக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு), 26 அங்குலக் குழல், 1970களின் தயாரிப்பு. 24 கிராம் குண்டுகள் அடைத்த தோட்டாவைப் போட்டால் மூன்றுக்கு ஒருமுறை சிக்கிக்கொள்கிறது. தோளில் அணையும் மரப் பின்கட்டை கறுத்துப்போய், குழலின் அடியில் கைபிடிக்கும் முன்கட்டையில் கீறல் விழுந்திருக்கிறது. குழலில் உள்ள வாயுத் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னாராம். துளையைப் பெரிதாக்கி, இரும்புக்குக் கறுப்பு மெருகும் புதிதாக ஏற்றி, முழுவதையும் புதிதுபோல ஆக்கிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. நண்பரிடம் உள்ள பழைய பிரவுனிங் ஆட்டோ-5க்கும் இதே வைத்தியம் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: துளையைத் தொடாதீர்கள், மெருகையும் தொடாதீர்கள். நீங்கள் விவரித்திருக்கும் கோளாறில் பத்துக்கு எட்டு, அழுக்காலும், காய்ந்துபோன ஒரு ரப்பர் வளையத்தாலும், பின்கட்டைக்குள் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு ஸ்பிரிங்காலும் வருவதையே நான் கண்டிருக்கிறேன். இவை மூன்றையும் சரிபார்த்து முடிக்கும் முன்னர் துப்பாக்கியிலிருந்து ஓர் இழை இரும்பைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

வேலையைத் தொடங்குமுன் சிங்கப்பூரில் நமக்குள்ள எல்லையைச் சொல்ல வேண்டும். வேறு நாட்டில் இருப்பவர் தம் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் மேசை போட்டு இந்த வேலைகளைச் செய்யலாம். நம்மால் அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேசையில் செய்ய இயலாது. துப்பாக்கி கழகத்தின் ஆயுதக் காப்பகத்தில்தான் இருக்கும்; பிரித்துத் துடைப்பதும் அங்கே, பொறுப்பாளர் அறிந்திருக்கும்போதுதான். குழல், ரிசீவர் (இயங்கும் பாகங்களைத் தாங்கும் நடுவுடல்) போன்ற பாகங்களும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே ஆகையால், இணையத்தில் ஒரு குழலைப் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கி அனுப்பச் சொல்வது மிகப் பெரிய தவறாக முடியும். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம், உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. துடைப்பது, எண்ணெயிடுவது, ரப்பர் வளையம் மாற்றுவது ஆகியவற்றைத் தாண்டிய எந்த வேலையாக இருந்தாலும், 'இதை நான் செய்யலாமா, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டுமா' என்று காப்பகப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கழற்றிய பின்கட்டை வெறும் மரம்தானே என்று வீட்டுக்கு எடுத்துச் செல்ல நினைத்தாலும் அப்படியே.

இனி இயந்திரத்துக்கு வருவோம். 1963இல் விற்பனைக்கு வந்த 1100, வாயுவின் அழுத்தத்தால் இயங்கும் துப்பாக்கி. தோட்டா வெடித்ததும் குழலின் அடிப்பக்கத்தில் உள்ள இரண்டு சிறு துளைகள் வழியாகச் சிறிதளவு வாயு கீழே இறங்குகிறது. குழலோடு பற்றவைக்கப்பட்ட ஒரு வளையம், முன்கட்டைக்குள் ஓடும் தோட்டாக் குழாயை (அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் குழாய்) சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அந்த வளையத்துக்குள் சிக்கிய வாயு பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ள, பிஸ்டன் தள்ளுதண்டுகளைத் தள்ள, தண்டுகள், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டின் பூட்டை அவிழ்த்துப் பின்னால் கொண்டுபோக, காலி உறை வெளியே பறக்கிறது. போல்ட்டின் பின்னால் உள்ள ஓர் இணைப்புத் தகடு, பின்கட்டைக்குள் செல்லும் குழாயில் இருக்கும் மீள்ஸ்பிரிங்கை அழுத்துகிறது. அந்த ஸ்பிரிங் திரும்ப விரியும்போதுதான் அடுத்த தோட்டா, குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறைக்குள் போகிறது. உதையை நேரத்தில் பரப்பித் தோளுக்கு மென்மையாகத் தருவதும் இந்த ஏற்பாடுதான். நூறு தட்டுகளைச் சுட்ட பிறகும் தோள் வலிக்காததால்தான் அந்தக் காலத்து அமெரிக்க ஸ்கீட் திடல்களில் இந்தத் துப்பாக்கி நிறைந்திருந்தது.

இந்த வரிசையில் எங்கே வாயு கசிந்தாலும், எங்கே உராய்வு கூடினாலும், போல்ட் முழுத் தூரம் பின்னால் போகாது. 1100 பிறந்த காலத்தில் ஸ்கீட்டுக்கு 32 கிராம் தோட்டாவே வழக்கம். இன்றைய சர்வதேச விதி 24 கிராமோடு நிறுத்திவிட்டது. வாயு தேவைக்கு மேல் இருந்தபோது மறைந்துகிடந்த சின்னச் சின்னக் குறைகள், தோட்டா இளைத்ததும் வெளியே வந்துவிட்டன. நல்ல நிலையில் உள்ள 1100, வேகமான 24 கிராம் போட்டித் தோட்டாவைப் பொதுவாகத் தடையில்லாமல் இயக்கும். ஆகவே தோட்டாவின் மேல் பழி போடுவதும் சரியல்ல.

முதல் சந்தேக நபர் அந்த ரப்பர் வளையம். தோட்டாக் குழாயில் வெட்டப்பட்ட ஒரு பள்ளத்தில், பிஸ்டனுக்கு முன்னால், குழல்வாய்ப் பக்கமாக அது உட்கார வேண்டும்; வாயு முன்பக்கம் கசியாமல் தடுப்பதே அதன் ஒரே வேலை. சூட்டிலும் கரைப்பானிலும் ஊறி அது கடினமாகும், வெடிக்கும், சில வேளை இரண்டாகப் பிய்ந்து கரியோடு கரியாகக் கலந்து, இருந்த சுவடே தெரியாமல் போய்விடும். பழைய துப்பாக்கியைக் கைமாற்றி வாங்கியவர் பலருக்கு அங்கே ஒரு வளையம் இருக்க வேண்டும் என்பதே தெரியாது. விரலால் இழுத்துப் பாருங்கள். சுருக்கென்று திரும்பிச் சுருங்காமல் சோம்பலாக நீண்டு கிடந்தால் அதன் காலம் முடிந்தது. மாற்று வளையம் வாங்கும்போது வெப்பத்தையும் எண்ணெயையும் தாங்கும் வைட்டான் வகையைக் கேளுங்கள். ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளில் குழாய் வேலைக்கு விற்கும் சாதாரண ஓ-ரிங் அளவில் பொருந்தினாலும் சில நூறு தோட்டாக்களுக்குள் வெந்துவிடும். இரண்டு மூன்றாக வாங்கி, ஒன்றைத் தோட்டாப் பையிலேயே போட்டுவையுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கழகப் போட்டிக்கு முந்தைய மாலையில் என் துப்பாக்கியைச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் துணியில் வரிசையாக வைத்துத் திரும்பப் பூட்டினேன். மறுநாள் நான்காம் சுடுநிலையில் இரட்டைத் தட்டு, அதாவது ஒரே நேரத்தில் பறக்கும் இரண்டு. முதல் தட்டு நொறுங்கியது. இரண்டாவதற்குத் துப்பாக்கியைத் திருப்பி விசையை இழுத்தேன், விசை செத்துக் கிடந்தது. காலி உறை அறைக்குள்ளேயே இருந்தது. நடுவரிடம் காட்டிவிட்டு, கையால் போல்ட்டை இழுத்து அடுத்ததைச் சுட்டால் அதே கதை. ரப்பர் வளையம் முந்தைய மாலை நான் மடித்துவைத்த துணிக்குள் பத்திரமாக இருந்தது. அன்று முதல், பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்; காப்பகத்துக்குள் படமெடுக்க அனுமதியில்லை என்றால் தாளில் வரிசை எழுதிக்கொள்கிறேன். பிஸ்டனும் அதன் துணை வளையமும் ஒன்றுக்கொன்று எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன என்பதற்கும் இந்தப் படம் உதவும். மாற்றிப் போட்டாலும் துப்பாக்கி திக்கும்.

அடுத்து துளைகள். பெரிதாக்க வேண்டாம் என்றேன். சுத்தம் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. குழலைக் கழற்றி, வளையத்தின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்த்தால், துளைகளின் வாயில் கறுத்துக் கல்லாகிப்போன கரி அரைவட்டமாக மூடியிருப்பது தெரியும். கரைப்பானைத் துளியாக விட்டு ஓர் இரவு ஊறவைத்து, துளையைவிட மெலிந்த செம்புக் கம்பியால் மெல்லச் சுழற்றி எடுங்கள். எஃகுக் குத்தூசியும் துளைக்கருவியும் அருகில் வரக் கூடாது. அப்படியே குழலின் இடப்புறத்தில் பொறித்திருப்பதையும் படியுங்கள். தோட்டா அறையின் நீளம் இரண்டேமுக்கால் அங்குலம், அதாவது 70 மில்லிமீட்டர் என்று இருக்க வேண்டும். மூன்று அங்குல மேக்னம் குழல் என்றால், பலத்த தோட்டாக்களுக்காகவே அதில் வாயு வழி குறைவாக வைத்திருப்பார்கள். 24 கிராமை வைத்துக்கொண்டு அதனோடு மல்லுக்கட்டுவது வீண். ஐம்பது ஆண்டில் துப்பாக்கிகளின் குழல் மாறியிருப்பது சாதாரணம். பொறிப்பின் அருகே சிறிய எழுத்துகளாக இருக்கும் குறியீட்டிலிருந்து குழல் தயாரான மாதத்தையும் ஆண்டையும் அறியலாம். ஆனால் அது குழலின் பிறந்தநாள் மட்டுமே, ரிசீவருடையது அல்ல.

துளையைப் பெரிதாக்கினால் என்ன கெடும் என்றும் கேட்பீர்கள். முதல் நாள் நன்றாகத்தான் ஓடும். அழுக்கான, வளையம் செத்த துப்பாக்கிக்கு அளவாகப் பெரிதாக்கிய துளை, நாளை நீங்கள் வளையம் மாற்றிச் சுத்தம் செய்ததும் தேவைக்கு மேல் வாயுவைத் தரும். யாராவது 28 அல்லது 32 கிராம் போட்டுவிட்டால் போல்ட் ரிசீவரின் பின்சுவரில் சுத்தியலாக மோதும். இணைப்புத் தகடு முறியும், தள்ளுதண்டு வளையும், கடைசியில் ரிசீவரே விரிசல் விடும். எனக்குத் தெரிந்த ஒரு துப்பாக்கி இப்படித்தான் இரண்டே ஆண்டில் ஓய்வுபெற்றது.

மூன்றாவதாகத் தோட்டா அறை. உறை வெளியே வராமல் அறைக்குள்ளேயே சிக்கினால் வாயுவைக் குறைசொல்லுமுன் அறையின் சுவரைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அங்கே மெல்லிய துரு படர்ந்து, பார்வைக்குச் சாம்பல் நிறமாக, விரல் நகத்துக்குச் சொரசொரப்பாக இருக்கும். வெடித்த கணத்தில் விரிந்த உறை அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொள்கிறது. பித்தளை அடிப்பாகம் உள்ள தோட்டா பெரும்பாலும் தப்பித்து வரும்; விலை மலிந்த, எஃகு அடிப்பாகம் உள்ள தோட்டா பிடித்த பிடியை விடாது. சில வகைத் தோட்டாக்கள் மட்டும் சிக்குவதற்கு இதுவும் காரணம். அறைக்கென்று விற்கும் தடித்த வெண்கலத் தூரிகையில் நான்கு பூஜ்ய (0000, மிக மெல்லிய வகை) எஃகுப் பஞ்சைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, கையால் சுழற்றித் தேயுங்கள். சாம்பல் நிறம் போய் மங்கலான பளபளப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், உப்புக்காகிதம் கூடாது. குழலின் மற்றப் பகுதியில் கரியைவிடத் தோட்டாவின் பிளாஸ்டிக் கிண்ணம் உருகிப் படிந்த கோடுகளே அதிகம் இருக்கும். கரைப்பானில் ஊறவைத்துத் தூரிகையால் இழுத்தால் அவை ஈரமான வெங்காயச் சருகுபோல உரிந்து வரும். ஸ்கீட் சோக் என்பது குழல்வாயில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுக்கான சுருக்கம் மட்டுமே என்பதால், அந்தப் படிவே சோக்கை மாற்றிவிடக்கூடும்.

இப்போது யாரும் எட்டிப்பார்க்காத இடம். பின்கட்டையின் ரப்பர் மெத்தையை இரண்டு திருகாணிகளைக் கழற்றி எடுத்தால் உள்ளே நீண்ட துளை தெரியும். அதன் அடியில் இருக்கும் மரையைக் கழற்றினால் கட்டை பின்னால் உருவிக்கொண்டு வரும். வெளியே வருவது மீள்ஸ்பிரிங் இருக்கும் இரும்புக் குழாய். நான் திறந்து பார்த்த பழைய துப்பாக்கிகளில் பாதிக்கு மேல், அந்தக் குழாய் வெளியே செம்மண் நிறத் துருவும் உள்ளே தேன்பாகுபோன்ற கெட்டிப்பட்ட எண்ணெயுமாக இருந்தது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். வியர்வையும் மழைத்தூறலும் மரத்துக்குள் இறங்கினால் வெளியேற வழியில்லை. உரிமையாளர் பல ஆண்டுகள் அன்போடு பீய்ச்சியடித்த எண்ணெயும் ரிசீவரிலிருந்து வழிந்து அதே குழாயில்தான் தேங்குகிறது. போல்ட் பின்னால் வர முயலும்போது இந்தப் பாகு அதைத் தடுக்கிறது, திரும்பும்போதும் தடுக்கிறது. ஆகவேதான் சுட்டபிறகு அடுத்த தோட்டா பாதி நுழைந்த நிலையில் போல்ட் நின்றுவிடும் கோளாறும், உறை சரியாக வெளியேறாத கோளாறும் ஒரே துப்பாக்கியில் மாறி மாறி வருகின்றன.

அந்த ஸ்பிரிங் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அதைத் தாங்கும் ஊசியைக் கழற்றும்போது கவனம் தவறினால் கண்ணுக்கு நேராகப் பாயும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, முடிந்தால் ஒருமுறையேனும் பழுதுபார்ப்பவரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். குழாயை ஒயிட் ஸ்பிரிட்டால் (சாயத்தைக் கரைக்கும் திரவம்) கழுவி, உலர்த்தி, மிக மெல்லிய எண்ணெய் பூசிய துணியால் ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். கிரீஸ் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங்கை ஒரு புதிய ஸ்பிரிங்கின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, தெளிவாகக் குட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஐம்பது ஆண்டு உழைத்த ஸ்பிரிங்கை அளந்துகொண்டிருப்பதைவிடப் புதிதாக ஒன்று போட்டுவிடுவதே என் வழக்கம்.

விசைத் தொகுதி இரண்டு ஊசிகளில் தொங்குகிறது. அவற்றைத் தட்டி எடுத்தால் முழுதாகக் கீழே வந்துவிடும். அதை மேலும் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒயிட் ஸ்பிரிட்டில் அலசி, தூரிகையால் தேய்த்து, காற்றில் உலர்த்தி, சுழலும் இடங்களில் ஒரு துளி எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது. வெளியே இருக்கும்போது விசையை இழுத்துச் சுத்தியலை வேகமாக அடிக்க விடாதீர்கள். தடுக்கப் போல்ட் இல்லாததால் அது தொகுதியின் விளிம்பில் மோதி உடைக்கும். கார் பிரேக் துடைக்கும் கரைப்பானை இங்கே பயன்படுத்துகிறவர்கள் உண்டு; இரும்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு துளி மரத்தில் பட்டால் மெருகு கொப்பளிக்கும், ரப்பர் வளையத்தில் பட்டால் அது ஊதிப் பெருக்கும்.

எண்ணெய் பற்றி ஒரு சொல். நம்மவர்களுக்கு இயந்திரம் என்றாலே எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடுகிற பழக்கம் உண்டு; தையல் இயந்திரத்துக்கு அது சரி. 1100இன் பிஸ்டனும் தோட்டாக் குழாயின் வெளிப்புறமும் ஏறக்குறைய உலர்ந்தே இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் தாராளமாக இருந்தால் கரி அதில் குழைந்து சாந்தாகி, ஐம்பது தோட்டாவுக்குள் பிஸ்டனை ஒட்டவைத்துவிடும். துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்த் துணியால் துடைத்து, அதன்மேல் உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்த அளவே போதும். போல்ட் ஓடும் தடங்களுக்கு மட்டும் இரண்டொரு துளி.

பூட்டி முடித்ததும் திடலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அடுக்கடுக்காகச் சுட்டுப் பார்க்காமல், தோட்டாக் குழாயில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு, அதை அறைக்குள் ஏற்றிச் சுடுங்கள். கடைசித் தோட்டா சுடப்பட்டதும் போல்ட் பின்னால் போய்த் திறந்தே நிற்க வேண்டும் என்பது இந்தத் துப்பாக்கியின் அமைப்பு. உறை வெளியே விழுந்தும் போல்ட் திறந்து நிற்காமல் மூடிக்கொண்டால், அது முழுத் தூரம் போகவில்லை. வாயுக் கசிவோ உராய்வோ இன்னும் பாக்கி இருக்கிறது. பத்து முறையும் திறந்து நின்றால் அடுத்து இரண்டு தோட்டாக்களோடு இரட்டைத் தட்டுக்குப் போகலாம். உறை விழும் இடத்தையும் கவனியுங்கள். உடம்பிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி ஒரே திசையில் விழுவது ஆரோக்கியம், காலடியில் சோர்ந்து விழுவது இன்னும் நோய். உறையை அறையிலிருந்து இழுக்கும் கொக்கியின் நுனி மழுங்கியிருந்தால் உறையின் விளிம்பில் கடித்த தடம் தெரியும். அது சிறிய, மலிவான பாகம்.

இத்தனைக்கும் முன்பாக, துப்பாக்கியைச் சுடலாமா என்பதையே தீர்மானிக்கும் சில சோதனைகள் இருக்கின்றன. அவற்றை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரே செய்ய வேண்டும். குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்க்கும்போது நிழல் வளையம் ஒன்று தெரிந்தால் அது புடைப்பாக இருக்கலாம். குழலோடு வாயு வளையம் பற்றவைத்த இடத்தில் மயிரிழைக் கீறல், ரிசீவரில் உறை வெளியேறும் சாளரத்தின் மூலைகளில் கீறல், அறையில் ஆழமான குழிகள் ஆகிய எதைக் கண்டாலும் அந்தப் பாகத்துக்கு மருந்து கிடையாது. அதை ஒப்படைப்பதும் காவல்துறை வழியாகத்தான். நினைவுப்பொருளாக வரவேற்பறைச் சுவரில் மாட்டிவைக்கும் எண்ணம் வேண்டாம்.

மரத்துக்கு வருகிறேன். பின்கட்டை ரிசீவரோடு சேரும் முனை கறுத்திருப்பது வயதினால் அல்ல, எண்ணெயினால். துப்பாக்கியை எப்போதும் குழல் மேலாக நிறுத்திவைத்ததால் ஐம்பது ஆண்டு எண்ணெய் கீழே இறங்கி வால்நட் மரத்தின் நரம்புக்குள் போய்விட்டது. அப்படி ஊறிய மரம் மென்மையாகி, உதையைத் தாங்காமல் பிளக்கும். சுண்ணப் பொடியை, கரும்பலகைக்கு எழுதும் சுண்ணக்கட்டி வகையை, அசிட்டோனில் குழைத்து உள்முனையில் மட்டும் பூசி உலரவிட்டால் அது எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். தட்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். எத்தனை முறை என்று கேட்காதீர்கள், பொடி வெள்ளையாகவே உதிரும் வரை. அசிட்டோன் நெருப்பைத் தேடிப் போகும் பொருள், காற்றோட்டம் அவசியம். ஒரு நண்பர் சிக்கனம் கருதித் தேக்காவில் வாங்கிய கோலப்பொடியைப் பயன்படுத்தினார்; அதில் கலந்திருந்த கல் துகள் கட்டையின் விளிம்பைப் புலிநகம் பட்டதுபோலக் கீறிவிட்டது.

வெளிமெருகு வேறு கதை. அந்தக் காலத்து 1100களில் கண்ணாடிபோலப் பளபளக்கும், மிகக் கடினமான ஒரு பூச்சு இருக்கும். அதை உரிப்பது பல நாள் தண்டனை. பெரும்பகுதி நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். முன்கட்டையின் கீறலை அலட்சியப்படுத்தக் கூடாது. முன்கட்டையையும் குழலையும் இறுக்கிப் பிடிக்கும் முன்மூடி தளர்ந்திருந்ததால் குழல் ஆடி, மரத்தை உள்ளிருந்து இடித்திருக்கக்கூடும். எண்ணெயை எடுத்துவிட்டு, கீறலைச் சற்றே விரித்து, நீர்த்த எப்பாக்சியை உள்ளே வழியவிட்டு ரப்பர் பட்டையால் இறுக்கி ஒரு நாள் விட்டுவிடுங்கள். அதன்பின் முன்மூடி இறுக்கமாக இருக்கிறதா என்பதை ஒவ்வொரு சுற்றுக்கும் முன் விரலால் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

கறுப்பு மெருகைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல. புதிய மெருகு ஏற்ற வேண்டுமானால் முதலில் பழையதை உரித்து, சக்கரத்தில் தேய்க்க வேண்டும். ரிசீவரின் பக்கங்களில் உள்ள கொடிவேலைப்பாடு அச்சில் அழுத்திப் பதித்தது; ஆழம் குறைவு. சக்கரம் இரண்டு முறை பட்டால் கொடி மங்கும், கூர்விளிம்புகள் சோப்புக்கட்டிபோல வழுக்கையாகும், வரிசை எண்ணும் தேயும். உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணைத் துப்பாக்கியில் படிக்க முடியாமல் போனால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மேல்துருவுக்கு எண்ணெய் தொட்ட நான்கு பூஜ்ய எஃகுப் பஞ்சு போதும். அழுத்தாமல் தேய்த்தால் செந்துரு மட்டும் போய், கறுப்பு நிற்கும். பாத்திரம் துலக்கும் பச்சைத் தேய்ப்பானைக் கையில் எடுக்காதீர்கள்.

தாராளமாகப் புதிதாக வாங்க வேண்டியது தோள்மெத்தை ஒன்றுதான். பழைய ரப்பர் நம் வெப்பத்தில் ஒன்று கல்லாகும், இல்லையேல் பிசுபிசுக்கும். சர்வதேச ஸ்கீட்டில் தட்டு கண்ணில் படும்வரை துப்பாக்கியின் அடிப்பாகம் இடுப்புப் பக்கத்தில், சட்டையில் ஒட்டிய பட்டையைத் தொட்டிருக்க வேண்டும். அங்கிருந்து தோளுக்கு ஏற்றும்போது பிசுபிசுத்த மெத்தை சட்டையைப் பிடித்து இழுத்தால் தட்டு போய்விடும். மேல்முனை கடினமாகவும் வழுவழுப்பாகவும் உள்ள மெத்தையைத் தேர்ந்தெடுங்கள். 26 அங்குலக் குழல் குட்டை என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். ரிசீவரின் நீளத்தால் மொத்தத்தில் அது மேல்கீழ் இரட்டைக்குழலின் 28, 30 அங்குலங்களுக்கு இணையாக வந்துவிடும். விதியிலும் தடையில்லை: ஒலிம்பிக் ஸ்கீட்டில் பம்ப் வகைக்குத்தான் இடமில்லை, தானியங்கி மறுஏற்றத்துக்கு உண்டு.

நண்பரின் ஆட்டோ-5 வேறு சாதி. ஜான் பிரவுனிங் 1900இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில் வாயுவுக்கு வேலையே இல்லை. குழலும் போல்ட்டும் பூட்டியபடியே ஒன்றாகப் பின்னால் போகின்றன, பிறகு குழல் மட்டும் முன்னால் திரும்ப, உறை கழன்று வெளியேறுகிறது. அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துபவை, தோட்டாக் குழாயின் மேல் பெரிய ஸ்பிரிங்கோடு இருக்கும் வெண்கல உராய்வுத் துண்டும் எஃகு வளையமும். இலகுவான தோட்டாவுக்கு எஃகு வளையம் வேலை செய்யாதவாறு ஸ்பிரிங்கின் பின்னால், ரிசீவரை ஒட்டி இருக்க வேண்டும். பலத்த தோட்டாவுக்கு ஸ்பிரிங்கின் முன்னால், சரிவான பக்கம் வெண்கலத் துண்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். நண்பரின் துப்பாக்கி 24 கிராமுக்குத் திக்கினால் முதலில் வளையம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாறாக, இலகு அமைப்பில் வைத்துக்கொண்டு பலத்த தோட்டாவைச் சுட்டால் முன்கட்டை பிளக்கும். குழாய் எலும்பாக உலர்ந்தால் துப்பாக்கி தயங்கும், எண்ணெய் வழிந்தால் உராய்வு போய் மோதும். எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்த பதமே அளவு. மிகப் பழைய 16 கேஜ் ஐரோப்பியத் தயாரிப்பாக இருந்தால் அறை 65 மில்லிமீட்டராக இருக்கலாம். 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே நுழைந்துவிடும் என்பதுதான் அதன் ஆபத்து, எனவே அளந்து பார்க்காமல் சுட வேண்டாம்.

சுட்டு முடித்த அன்றே, காப்பகத்தில் ஒப்படைக்குமுன், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நம் வியர்வையில் உப்பு அதிகம். ரிசீவரில் பதிந்த கைரேகை இரண்டே நாளில் துருவாக எழுந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, குழலுக்குள் ஒருமுறை இழுத்து, அலமாரியில் குழல்வாய் கீழாக நிறுத்த இடமிருக்கிறதா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். மிச்ச எண்ணெய் மரத்துக்குப் போகாமல் வாய்வழியே வடியும். ஈரப்பதக் கருவி 50 விழுக்காட்டுக்கு அருகில் காட்டினால் நல்லது. பஞ்சு உறையிலும் தோல் பையிலும் போட்டு வைக்காதீர்கள், அவை ஈரத்தைக் குடித்துக்கொண்டு துப்பாக்கிக்குக் கொடுக்கும். கழுவிய கரியிலும் துணியிலும் ஈயம் இருப்பதால், சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பரோட்டாக் கடைக்குப் போக வேண்டும்.

வளையத்தையும் ஸ்பிரிங்கையும் மாற்றிய பிறகு நான் சொன்ன ஒற்றைத் தோட்டாச் சோதனையைப் பத்து முறை செய்து, எத்தனை முறை போல்ட் திறந்து நின்றது, சிக்கிய உறையின் அடிப்பாகம் பித்தளையா எஃகா என்பதைக் குறித்து எழுதுங்கள். அதற்குமேல் கோளாறு இருந்தால் அந்தக் குறிப்பிலிருந்தே பெரும்பாலும் இடத்தைச் சொல்லிவிடலாம்.